வாரமா (விளைச்சலில் பங்கு), குத்தகையா? 12 ஹெக்டேர் கரும்புக்கு வந்திருக்கும் லாபப் பங்கு ஒப்பந்தம்

ஸ்டாங்கர்நிலம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஸ்டாங்கருக்கு வடக்கே எங்கள் குடும்ப நிலம் 20 ஹெக்டேர். அதில் கரும்பு 12 ஹெக்டேர், மானாவாரி. மீதி வீடு, ஓடைக்கரை, புதர். கரும்பில் பாதிக்கு மேல் ஐந்தாவது, ஆறாவது மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி முளைத்தது). பங்காளிகள் நாலு பேர். யாரும் இறங்கி விவசாயம் பார்க்கும் நிலையில் இல்லை.

பக்கத்தில் பல பண்ணைகளை எடுத்து நடத்தும் ஒரு கம்பெனி ஏழு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. சாரம் இது: காலம் 9 வருடம், முடிந்ததும் கம்பெனி விரும்பினால் இன்னும் 5 வருடம். உரம், களைக்கொல்லி, வெட்டு, ஏற்று, லாரி, மறுநடவு எல்லாச் செலவும் கம்பெனி போடும். ஆலைப் பணம் கம்பெனி கணக்குக்கு வரும். அதில் செலவைக் கழித்து, மொத்த வரவில் 8 சதவீதம் நிர்வாகக் கட்டணமும் கழித்து, மிஞ்சிய லாபத்தில் பாதி எங்களுக்கு. டிராக்டரும் லாரியும் அவர்களுடையவை, வாடகை "கம்பெனி நிர்ணய விகிதப்படி". ஒரு வருடம் நட்டமானால் அது அடுத்த வருடக் கணக்கில் ஏறும். ஒப்பந்தம் கடைசி வருடம் டிசம்பர் 31-ல் முடிகிறது.

பாதிக்குப் பாதி என்பதால் பங்காளிகளில் இரண்டு பேருக்குச் சம்மதம். ஒருவர் நிலையான குத்தகை போதும் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை பதில்:

தம்பி, செலவை எழுதும் பேனா எதிராளி கையில் இருக்கும்போது லாபத்தில் பங்கு கேட்கக் கூடாது. வரவில் கேளுங்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். கீழே உள்ள விலையும் செலவும் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. உங்கள் ஆலையின் இந்தப் பருவ எண்களைப் போட்டு நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள்.

சாதாரண வருடம் என்று எடுத்துக்கொள்வோம். 12 ஹெக்டேரில் 10 ஹெக்டேர் வெட்டுக்கு வருகிறது, ஹெக்டேருக்கு 60 டன், ஆக 600 டன். ஆர்.வி. (கரும்பில் மீட்டெடுக்கக்கூடிய மதிப்பு, ஆலை பணம் தருவது இதற்குத்தான்) 12 சதவீதம் என்றால் 72 டன் ஆர்.வி. டன்னுக்கு 6,000 ராண்ட் வைத்தால் வரவு 4,32,000. வெட்டு, ஏற்று, லாரி சேர்த்து டன் கரும்புக்கு 190 ராண்ட் என்றால் 1,14,000. உரமும் மருந்தும் ஹெக்டேருக்கு 10,000, அதாவது 1,20,000. வருடம் 1.2 ஹெக்டேர் மறுநடவு, ஹெக்டேருக்கு 45,000 வீதம் 54,000. நிர்வாகக் கட்டணம் 8 சதவீதம் 34,560. அலுவலகம், காப்பீடு, தேய்மானம் என்று ஒரு 40,000. கூட்டினால் 3,62,560. லாபம் 69,440. உங்கள் பாதி 34,720.

இதே வருடம் மொத்த வரவில் 15 சதவீதம் வாங்கியிருந்தால் 64,800. ஹெக்டேருக்கு 1 டன் ஆர்.வி. மதிப்பு என்று குத்தகை போட்டிருந்தால் 72,000.

மழை பொய்த்த வருடம்: ஹெக்டேருக்கு 45 டன், ஆர்.வி. 11.5. வரவு 3,10,500. வெட்டும் லாரியும் 85,500-ஆகவும் நிர்வாகக் கட்டணம் 24,840-ஆகவும் குறையும், மற்றவை அசையாது. செலவு 3,24,340. நட்டம் 13,840. உங்களுக்குக் கையில் ஒன்றுமில்லை, அதோடு அந்த நட்டம் அடுத்த வருடத் தலையில் ஏறும். 15 சதவீத வரவுப் பங்கு என்றால் அந்த வருடமும் 46,575 வந்திருக்கும்.

நல்ல வருடத்தையும் பாருங்கள், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 75 டன், ஆர்.வி. 12.5. வரவு 5,62,500. செலவு 4,01,500. லாபம் 1,61,000, பாதி 80,500. வரவில் 15 சதவீதம் 84,375. அமோக விளைச்சலிலும் "பாதி" என்ற சொல் பதினைந்தைத் தாண்டவில்லை.

இன்னொன்று கவனியுங்கள். நட்டமான அந்த வருடத்திலும் கம்பெனிக்கு நிர்வாகக் கட்டணம் 24,840 உண்டு. அவர்கள் லாரிக்கு அவர்களே வைத்த வாடகையும் உண்டு, அதில் அவர்களுக்கு லாபமும் உண்டு. அதாவது கம்பெனி மூன்று இடத்தில் சாப்பிடுகிறது, நீங்கள் கடைசிப் பந்தியில் மட்டும் உட்காருகிறீர்கள். லாபப் பங்கில்தான் போவோம் என்று பங்காளிகள் பிடிவாதமாக இருந்தால், நிர்வாகக் கட்டணத்தை அடியோடு எடுக்கச் சொல்லுங்கள். லாரி, டிராக்டர் வாடகைக்கு வெளி ஒப்பந்தக்காரர் இருவரின் எழுத்து விலையில் குறைந்ததே உச்சவரம்பு என்று எழுதுங்கள். நட்டத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் பிரிவை வெட்டுங்கள்.

ஆலைவாசல் பதில்:

கணக்குப்பிள்ளை சொன்னது சரி. வரவு எங்கிருந்து பிறக்கிறது என்று விளங்கினால் எதில் பங்கு கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

நம் நாட்டில் ஆலைக்கும் கரும்புக்காரருக்கும் இடையில் உள்ள பங்கீடே வரவுப் பங்கீடுதான். சர்க்கரையும் மொலாசஸும் விற்ற பணம், உள்நாடு ஏற்றுமதி இரண்டும், ஒன்றாகச் சேரும். தொழில் மொத்தத்துக்குமான பொதுச் செலவு கழியும். மிச்சம் ஏறத்தாழ 64 சதவீதம் விவசாயிகளுக்கு, 36 சதவீதம் ஆலைகளுக்கு. அந்த 64-ஐ நாடு முழுக்க வந்த ஆர்.வி. டன்னால் வகுத்தால் ஆர்.வி. விலை. ஆலை தன் பாய்லர் செலவை முதலில் கழித்துவிட்டு "மிஞ்சியதில் பங்கு" என்று சொல்வதில்லை. விவசாயியும் உரச் செலவைக் கழிப்பதில்லை. அவரவர் செலவு அவரவர் தலையில். 1978-ஆம் ஆண்டின் சர்க்கரைச் சட்டத்தின் கீழ் உள்ள தொழில் உடன்பாட்டின் அடித்தளமே அதுதான். அப்படி இருக்க உங்கள் கம்பெனி மட்டும் ஏன் எல்லாச் செலவையும் கழித்த பிறகு பங்கு போட வேண்டும் என்று நேராகக் கேளுங்கள்.

சக்கை இந்தப் பங்கீட்டில் இல்லை. சக்கையை எரித்து வரும் நீராவியும் மின்சாரமும் ஆலையுடையவை. இதைப் பற்றி விவசாயிகளுக்கு நெடுநாள் வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. கரும்பு எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சக்கையாகவே வருகிறது.

இனி ஆர்.வி. 2000-க்கு முன்பு சுக்ரோஸைப் பார்த்துப் பணம். இப்போது பார்ப்பது மூன்று: கரும்பில் உள்ள போல் (சர்க்கரை அளவு), போல் அல்லாத கரைசல், நார். ஆர்.வி. என்பது போல் கழித்தல் டி பெருக்கல் போல் அல்லாதது, கழித்தல் சி பெருக்கல் நார். டி மதிப்பு சர்க்கரை, மொலாசஸ் விலையோடு மாறும், சுமார் 0.45 என்று வைத்துக்கொள்ளலாம். சி சுமார் 0.02.

புதிதாக வெட்டிய கரும்பு: போல் 13.5, போல் அல்லாதது 2.2, நார் 15. ஆர்.வி. 12.21. அதே கரும்பு, வெட்டுமுன் சோகையை (காய்ந்த இலை) எரித்து, ஒரு வாரம் வெயிலில் கிடந்து போல் 12.7, போல் அல்லாதது 2.8, நார் 15.4 என்று ஆனால் ஆர்.வி. 11.13. அறுநூறு டன்னில் இது ஆறரை டன் ஆர்.வி.; கணக்குப்பிள்ளை வைத்த விலையில் கிட்டத்தட்ட 39,000 ராண்ட். வெட்டு முனையில் பாக்டீரியா இறங்கி சுக்ரோஸைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்ற பிசினாக்குகிறது. கோடையில் இது வேகமாக நடக்கும். நெருப்பு வைத்த நேரத்திலிருந்து அரவை வரை 48 மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்ப்பது நடத்துபவரின் வேலை.

இங்கேதான் உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு பொறி. லாரி வாடகை டன் கரும்புக்கு, வரவு டன் ஆர்.விக்கு. 100 டன்னில் 8 டன் சோகையும் மண்ணும் கொழுந்தாடையும் போனால் அந்த 8 டன்னுக்கும் லாரி வாடகை உண்டு, வெட்டுக் கூலி உண்டு. ஆர்.வி. வராது, போதாக்குறைக்கு நார் ஏறி மற்றதையும் கெடுக்கும். லாரி கம்பெனியுடையது. ஆக, சோகை ஏறினால் கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவுக்கு வரும்படி, பண்ணைக் கணக்குக்கு நட்டம், அந்த நட்டத்தில் பாதி உங்களுடையது. வரவுப் பங்கில் இந்த முரண் பெருமளவு போய்விடும், ஏனென்றால் லாரிச் செலவு முழுக்க அவர்கள் பையிலிருந்து.

மே மாதம் வெட்டினால் சர்க்கரை குறைவு, செப்டம்பரில் அதிகம், அதனால் ஏமாற்றுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலான ஆலைகளில் ஒப்பீட்டு ஆர்.வி. முறை: உங்கள் அந்த வார ஆர்.வி.யிலிருந்து ஆலையின் அந்த வாரச் சராசரியைக் கழித்து, ஆலையின் பருவச் சராசரியைக் கூட்டுவார்கள். மே மாதம் உங்களுக்கு 11.4, ஆலைக்கு 11.0, பருவச் சராசரி 12.3 என்றால் உங்களுக்குப் பணம் 12.7-க்கு. எந்த மாதம் வெட்டினாலும் அக்கம்பக்கத்தாரைவிட உங்கள் கரும்பு மேலா கீழா என்பதே கேள்வி. வாராந்திரச் சோதனைச் சீட்டில் அந்த வித்தியாசத்தைப் பாருங்கள். தொடர்ந்து கழித்தலில் இருந்தால் வெட்டிய கரும்பு கிடக்கிறது, அல்லது எல்டானா என்ற தண்டுத் துளைப்பான் புழு ஏறியிருக்கிறது, அல்லது சோகை அதிகம். கடலோரத்தில் 12 மாதத்தைத் தாண்டி நிற்கும் கரும்பில் எல்டானா விடாது.

மிக முக்கியமானது: உங்கள் நிலத்துக்கென்று ஆலையில் தனி விவசாயி எண் வேண்டும். கம்பெனி பல பண்ணைக் கரும்பையும் ஒரே எண்ணில் ஓட்டினால், உங்கள் வயலில் வெட்டியது எத்தனை டன், என்ன ஆர்.வி. என்று கடவுளுக்கும் தெரியாது. தனி எண், ஒவ்வொரு சுமைச் சீட்டிலும் வயல் எண், சோதனைச் சீட்டின் நகல் ஆலையிலிருந்து நேராக உங்கள் மின்னஞ்சலுக்கு. மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அதோடு உங்கள் பங்கை ஆலையே பிரித்து உங்கள் வங்கிக் கணக்கில் போடும்படி செஷன் (வரவேண்டிய பணத்தின் உரிமையை எழுதிக்கொடுப்பது) கையெழுத்தாக வேண்டும், ஆலை அதை ஒப்புக்கொண்டதாகக் கடிதமும் வேண்டும். முன்பே உரக் கடனுக்காகக் கம்பெனி தன் வரவை வங்கிக்கு செஷன் கொடுத்திருந்தால் உங்களுடையது அதற்குப் பின்னால் நிற்கும். அதை முதலில் விசாரியுங்கள்.

போர்லூயிஸ்_தோட்டம் பதில்:

மொரிசியஸிலிருந்து எழுதுகிறேன். எங்களிடமும் அடித்தளம் அதேதான், இன்னும் எளிமையாக. கரும்பிலிருந்து கிடைத்த சர்க்கரையையே பிரிக்கிறோம்: 78 சதவீதம் பயிரிட்டவருக்கு, 22 சதவீதம் ஆலைக்கு. ஆலைக்கு அரவைக் கூலி அந்த 22. சர்க்கரையை 1919-இல் தொடங்கிய சுகர் சிண்டிகேட் எல்லாருக்குமாகச் சேர்த்து விற்று, கரும்புக்காரரின் பேரில் வரவு வைக்கிறது. ஆலையின் செலவுக் கணக்கை நாங்கள் யாரும் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

ஆலைவாசல் சொன்ன சக்கை வருத்தம் இங்கும் இருந்தது. 1985-இல் சக்கை விலை நிதி ஏற்பட்டு, ஆலைகள் சக்கையில் மின்சாரம் எடுத்து விற்பதில் ஒரு தொகை கரும்புக்காரருக்கும் வரத் தொடங்கியது. அந்தத் தொகை போதாது என்று பல பருவம் போராட வேண்டியிருந்தது. 1994-இல் சுகர் இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட் வழியாகச் சிறு விவசாயிகளும் தொழிலாளரும் ஆலைக் கம்பெனிகளில் 20 சதவீதப் பங்குக்கு உரிமையாளர் ஆனார்கள். பங்கு இருந்தால் லாபத்தில் உரிமை, சக்கை விலை இருந்தால் வரவில் உரிமை. இரண்டும் வேறு, ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க விடக் கூடாது.

உங்களுக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்று: ஒப்பந்தத்தில் "கரும்பிலிருந்து வரும் எந்த வரவானாலும்" என்று எழுதுங்கள். இன்று சர்க்கரையும் மொலாசஸும் மட்டும். நாளை எத்தனால், மின்சாரம், கார்பன் என்று ஏதாவது வந்து அதற்குக் கரும்புக்காரருக்குப் பணம் என்றால், கம்பெனி அது தன் வருமானம் என்று சொல்லும்.

வேர்க்கட்டை பதில்:

வரவுப் பங்கு நல்லது என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறீர்கள். ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

வரவில் 15 சதவீதம் உங்களுக்கு என்றால், நடத்துபவர் ஒரு ராண்ட் உரத்துக்குப் போடும்போது முழுச் செலவும் அவருடையது, விளைந்ததில் 85 காசுதான் அவருக்கு. அதனால் கடைசி மூட்டை உரத்தைப் போட மாட்டார். மறுநடவைத் தள்ளிக்கொண்டே போவார். எட்டாவது, ஒன்பதாவது மறுதாம்பைக் கூட வெட்டிக்கொண்டிருப்பார், ஏனென்றால் பழைய கட்டையில் வருவது கொஞ்சமானாலும் செலவு அதைவிடக் கொஞ்சம். வாரத்துக்கு விட்ட நிலம் இளைத்துப்போகும் என்று நம் ஊரில் சொன்னது சும்மா இல்லை. லாபப் பங்கில் இந்தக் குறை இல்லை. நிலையான குத்தகையிலும் இல்லை. ஆனால் குத்தகையில் வறட்சி முழுக்க நடத்துபவர் தலையில், அதனால் இரண்டு கெட்ட வருடம் வந்தால் அவர் கையை உதறிவிட்டுப் போவார்.

எனவே வரவுப் பங்கு வாங்கினால் நிலத்தைக் காக்கும் பிரிவுகள் கூடவே வேண்டும். இது சில்லறை விஷயமில்லை. ஒன்பது வருடத்தில் உங்களுக்கு வரும் பணத்தைவிட, ஒன்பது வருடம் கழித்து நிலம் எந்த நிலையில் திரும்புகிறது என்பது பெரியது.

மறுநடவு: வருடம் குறைந்தது 1.2 ஹெக்டேர், எந்த வயல் எந்த வருடம் என்று வரைபடத்தோடு இணைப்பு. நடாவிட்டால் அந்த வருடம் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வைப்புத்தொகை உங்கள் வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில். உங்களிடம் ஏற்கனவே ஆறாவது மறுதாம்பு நிற்பதால் முதல் இரண்டு வருடம் இதைவிட அதிகம் நட வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் செலவைக் காட்டி முதல் வருடம் உங்கள் பங்கைக் குறைக்கச் சொல்லி அவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது, விட்டுக்கொடுங்கள். விதைக்கரும்பு சான்று பெற்ற நாற்றங்காலிலிருந்து வர வேண்டும். பக்கத்து வயல் கரும்பை வெட்டி நட்டால் ராட்டூன் ஸ்டண்டிங் என்ற குட்டை நோய் கூடவே வரும். வெளியே அடையாளம் தெரியாது, மறுதாம்பில் விளைச்சல் மட்டும் வருடாவருடம் இறங்கும். வெட்டுக் கத்தியிலும் அது பரவும்.

மண்: தொடக்கத்தில் ஒவ்வொரு வயலிலும் மண் மாதிரி எடுத்து மவுண்ட் எட்ஜ்கோம்பில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலைய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவும் ஒப்பந்தத்தில் இணைப்பு. வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20-க்குக் குறையாத இடத்தில் மேல் 20 சென்டிமீட்டர் மண்ணை எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ. உரம் போட்ட வரியில் எடுக்காதீர்கள், பொட்டாஷ் பொய்யாக ஏறிக் காட்டும். கரும்பு நிலத்திலிருந்து மிக அதிகமாக இழுப்பது பொட்டாசியம். கடைசி மூன்று வருடம் பொட்டாஷ் போடாமல் விட்டால் வெட்டுபவருக்கு லாபம், அடுத்து நடுபவருக்குக் கடன். ஒப்பந்தம் முடியும்போது பாஸ்பரஸும் பொட்டாசியமும் அமிலத்தன்மையும் தொடக்க நிலைக்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்யும் உரம், சுண்ணாம்புச் செலவு அவர்களுடையது என்று எழுதுங்கள்.

முடியும் வருடம்: எந்த வயலையும் 10 மாதம் நிரம்பாமல் வெட்டக் கூடாது. வெட்டிய பின் களை எடுத்து உரமிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதற்கான பணம். கட்டை உங்களுடையது, அதற்கு அவர்கள் விலை கேட்க முடியாது என்ற ஒரு வரியும் தேவை. இல்லையென்றால் "நாங்கள் நட்ட வேர்" என்று ஹெக்டேர் கணக்கில் பில் வரும். வாய்க்கால், வரப்பு, தீத்தடுப்புப் பாதை இவற்றை இன்றே படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் ஈர வயலுக்குள் லாரியை நேராக இறக்கினால் கட்டை நசுங்கி வரிசை வரிசையாக முளைக்காது. இடைவெளி 50 சென்டிமீட்டருக்கு மேல் போன இடமெல்லாம் களைக்குத்தான்.

ஸ்டாங்கர்நிலம் மீண்டும்:

எல்லாருக்கும் நன்றி. வேர்க்கட்டை ஐயா சொன்னதையும் கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதையும் ஒரே ஒப்பந்தத்தில் கொண்டுவர முடியுமா? இன்னொன்று, பத்திரம் இன்னும் தாத்தா பேரில் இருக்கிறது. கம்பெனி நாலு பங்காளி கையெழுத்து போதும் என்கிறது.

பத்திரஎழுத்து பதில்:

போதாது. தாத்தா பேரில் நிலம் இருந்தால் அது இன்னும் அவருடைய எஸ்டேட், அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்து. உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் கொடுத்த எக்ஸிக்யூட்டர் (அந்தச் சொத்தை நிர்வகிப்பவர்) கடிதம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் குத்தகை கொடுக்கலாம். கடிதமே வாங்கவில்லை என்றால் அதுதான் முதல் வேலை, ஒப்பந்தம் பிறகு. மாற்றம் முடிந்து நாலு பேர் பேரில் பிரியாத பங்காகப் பதிவானால் நாலு பேரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் என்றால் முறையான பவர்.

காலம் பற்றி: 20 ஹெக்டேரில் 12-ஐ மட்டும் விடுகிறீர்கள். 1970-ஆம் ஆண்டின் வேளாண் நில உட்பிரிவுச் சட்டப்படி, விவசாய நிலத்தின் ஒரு பகுதியைப் பத்து வருடமோ அதற்கு மேலோ குத்தகைக்கு விட அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். குத்தகைதாரர் விருப்பப்படி நீட்டிக்கும் உரிமையையும் சேர்த்தே பத்து எண்ணுவார்கள். உங்கள் 9 கூட்டல் 5 பதினான்கு ஆகிறது. ஒப்புதல் இல்லாமல் கையெழுத்திட்டால் நாளைக்குத் தகராறு வரும்போது ஒப்பந்தமே செல்லாது என்று எந்தப் பக்கமும் சொல்லலாம். இதனால்தான் இந்தப் பக்கத்தில் 9 வருடம் 11 மாதம் என்ற குத்தகைகளை அதிகம் பார்க்கிறோம். நீட்டிப்பை எடுத்துவிடுங்கள்; முடியும்போது புதிதாகப் பேசுங்கள்.

லாபமும் நட்டமும் பகிர்வோம் என்று எழுதினால் இன்னொரு ஆபத்து. இரு தரப்பும் ஏதோ ஒன்றைப் போட்டு, பொதுவாகத் தொழில் நடத்தி, லாபத்தைப் பகிர்ந்தால் நம் நாட்டுச் சட்டத்தில் அது பார்ட்னர்ஷிப் ஆகிவிடலாம். அப்படியானால் கம்பெனி வாங்கிய உரக் கடனுக்கு உங்களையும் தேடி வருவார்கள். விளைச்சலில் ஒரு பங்கை வாடகையாக வாங்குவதை நம் சட்டம் குத்தகையாகவே ஏற்கிறது, நம் வாரம் போலத்தான். எனவே "இது குத்தகை, பார்ட்னர்ஷிப் அல்ல, வாடகை என்பது வரவின் இத்தனை சதவீதம், நட்டத்தில் நிலத்துக்காரருக்குப் பங்கில்லை" என்று தெளிவாக.

ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டு ஆட்களுக்குக் காயம் ஏற்பட்டால் கொடுக்கும் இழப்பீட்டு நிதியில் ஒப்பந்தக்காரர் நல்ல நிலையில் இருக்கிறார் என்ற சான்றை ஒவ்வொரு வருடமும் வாங்குங்கள். விவசாயத் தொழிலாளருக்கும் இப்போது பொதுக் குறைந்தபட்சக் கூலிதான், 2025 மார்ச் 1-இல் அது மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அதற்குக் குறைவாகக் கொடுத்து ஓட்டும் கணக்கு எதுவும் நிற்காது. உங்கள் நிலத்தில் ஆட்களைக் குடிவைக்க அனுமதிக்கும் முன் நன்றாக யோசியுங்கள். நில உரிமையாளர் சம்மதத்தோடு குடியிருப்பவருக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, அது நியாயமான பாதுகாப்பு. கம்பெனி போனபின் அந்தப் பொறுப்பு உங்களோடு தங்கும். தீ விஷயத்தில் உள்ளூர்த் தீப்பாதுகாப்புச் சங்கத்தில் உறுப்பினராக இருங்கள். உறுப்பினர் இல்லாதவர் நிலத்திலிருந்து தீ பரவினால் அலட்சியம் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது.

கணக்குப்பிள்ளை மீண்டும்:

இரண்டையும் ஒன்றாக்கும் வழி உண்டு. வாடகை: வரவில் 15 சதவீதம், அல்லது ஹெக்டேருக்கு 0.8 டன் ஆர்.வி., எது அதிகமோ அது. முன்பு போட்ட அதே எண்களில் வறட்சி வருடம் 57,600, சாதாரண வருடம் 64,800, நல்ல வருடம் 84,375. அடி நிலை இருப்பதால் கம்பெனி பயிரைக் கைவிட்டாலும் உங்களுக்கு வரும். மேலே போனால் உங்களுக்கும் ஏறும். அடிநிலையைப் பணத்தில் எழுதாதீர்கள், ஆர்.வி. டன்னில் எழுதுங்கள், விலைவாசியோடு தானாக ஏறும். 15 என்பதும் 0.8 என்பதும் பேச்சுவார்த்தைக்குத் தொடக்கம்தான். ஆறாவது மறுதாம்பு நிற்கும் நிலத்துக்கு அவர்கள் 12-க்கு இறங்கக் கேட்பார்கள். வேர்க்கட்டை சொன்ன மறுநடவு, மண் பிரிவுகளை அப்படியே ஏற்றால் 12-க்குச் சம்மதிக்கலாம். அவற்றை ஏற்கவில்லை என்றால் 18 கொடுத்தாலும் வேண்டாம்.

தேதி. பருவம் ஏப்ரலில் தொடங்குகிறது, ஆலை டிசம்பர் வாக்கில் நிற்கிறது. ஆனால் மாதாமாதம் வருவது தற்காலிக விலை. இறுதி ஆர்.வி. விலை பருவக் கணக்கு முடியும் மார்ச் வாக்கில்தான் நிலைக்கும், மிச்சத் தொகை அதன் பிறகு. ஒப்பந்தம் டிசம்பர் 31-ல் முடிந்தால் கடைசிப் பருவத்தின் மிச்சம் யாருக்கு என்று சண்டை வரும். மார்ச் 31 என்று மாற்றி, "இந்த நிலத்தில் வெட்டிய கரும்புக்கு எப்போது பணம் வந்தாலும் பங்கு உண்டு" என்று சேருங்கள். விலை இறங்கி ஆலை திரும்பப் பிடிக்கும் வருடமும் வரலாம், அதற்கும் அதே விகிதம்.

ஆலை பணம் தராமல் போனால் யார் பொறுப்பு என்பதையும் எழுத வேண்டும். 2022 அக்டோபரில் டோங்காட் ஹூலட் என்ற சர்க்கரை ஆலைக் கம்பெனி கடனில் மூழ்கி வணிக மீட்பு நடவடிக்கைக்குள் போனதைப் பார்த்த பிறகு இதை விட்டுவிட முடியாது. கரும்பை இறக்கியாயிற்று, பணம் அடுத்த மாத இறுதியில் என்றால், அந்த இடைவெளி முழுக்க விவசாயி கடன் கொடுத்தவர் நிலையில்தான். 15 சதவீதப் பங்கு ஆலைப் பணத்தோடு நிற்கட்டும், ஆனால் அடிநிலை வாடகை ஆலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கம்பெனி தர வேண்டியது என்று பிரித்து எழுதினால் இரு பக்கத்துக்கும் நியாயம்.

ஆலைவாசல் சொன்ன செஷன் கடிதம் ஆலையிடமிருந்து கைக்கு வரும்வரை நிலத்தில் டிராக்டர் இறங்க விடாதீர்கள். இறங்கிவிட்டால் பேசும் பலம் போய்விடும்.